களிம்பேறிய ஜெட்டும் காந்தம் இழந்த ரோட்டாரும்

திருமயத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டின் இரண்டாம் கட்டில் சாமான் அறை என்று ஒன்று உண்டு. ஆத்தா (அம்மாவை அப்படித்தான் அழைப்போம்) கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பித்தளை அண்டாக்களும் வெண்கலப் பானைகளும் எவர்சில்வர் வாளிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயரெழுத்து வெட்டியிருக்கும். எந்த அடுக்கில் எத்தனை உருப்படி என்பது ஒரு நீள நோட்டில் எழுதியிருக்கும். விசேஷம் முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போக வெயிலில் காயவைத்து, எண்ணிப் பார்த்து, கவிழ்த்து அடுக்கிய பிறகுதான் அறையைப் பூட்டுவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடுக்கிய குத்துவிளக்கை இன்று எடுத்தாலும் ஒரு துணியால் துடைத்து ஏற்றிவிடலாம். அதே அறையில், கதவுக்குப் பின்னால், கிழிந்த ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு ஒரு ஜெனரேட்டர் ஏழு ஆண்டுகளாகக் கிடந்தது. நோட்டில் அதற்குப் பதிவு இல்லை. தேய்க்காமல், காயவைக்காமல், வயிற்றில் எண்ணெயோடு அதை உள்ளே தள்ளியவன் நான்.

அப்பச்சி, அதாவது என் அப்பா, அதை வாங்கியது 2012 இல். சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலம் அது. 1.8 கேவிஏ திறன். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை. இப்படிப்பட்ட இயந்திரத்தில் இரண்டு டாங்குகள் இருக்கும். பெட்ரோலுக்குச் சிறியது, மண்ணெண்ணெய்க்குப் பெரியது, நடுவில் மாற்றிக்கொள்ள காக் என்ற ஒரு திருகு அடைப்பான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் முதலில் பெட்ரோலில் கிளப்பிச் சூடேற்றி, பிறகுதான் மாற்ற வேண்டும். நிறுத்தும்போதும் அப்படித்தான்: கடைசி இரண்டு மூன்று நிமிடங்கள் பெட்ரோலில் ஓடவிட்டு நிறுத்தினால்தான் எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காது, மறுநாள் கயிற்றை இழுத்ததும் கிளம்பும். அப்பச்சி இந்த விதியை ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டியிருந்தார்.

2018 நவம்பர் 16 ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் பட்ட பாடு தெரிந்ததே. எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்ப பதினொரு நாள் ஆயிற்று. அப்பச்சி அப்போது படுக்கையில் இருந்தார்; இயந்திரம் என் பொறுப்பில் வந்தது. பன்னிரண்டாம் நாள் மாலை முகப்பு விளக்கு தானாக எரிந்தபோது வீட்டில் எழுந்த கூச்சலில், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டு நானும் உள்ளே ஓடினேன். மண்ணெண்ணெயில் ஓடியதை அப்படியே நிறுத்தினேன், காக்-ஐயும் மூடவில்லை. அட்டை கண்ணெதிரே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சென்ற ஆண்டு எங்கள் பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்பு வைப்பதென்று முடிவாயிற்று. அறுபது எழுபது பேர் வந்து தங்கும் வீட்டில் மின்சாரம் போனால் விளக்கைவிடத் தண்ணீர்தான் முதலில் கவலை. தொட்டியிலிருந்து மேலே ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரை எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முடியாது. புது ஜெனரேட்டர் வாங்கலாமென்று தம்பி சொன்னான். பழையதைப் பார்த்துவிட்டு வாங்கலாமென்று நான் சொன்னேன். அதில் சிக்கனம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி.

வெளியே இழுத்து வந்து ஜமுக்காளத்தை நீக்கியதும் முதலில் தெரிந்தவை எலிப் புழுக்கைகள். ஏர் ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு தொட்டதும் மாவாக உதிர்ந்தது. சைலன்ஸர் வாயைக் குளவி மண்ணால் கச்சிதமாக அடைத்திருந்தது. ஆத்தங்குடிக்காரர்கள் தளக்கல் வார்ப்பதைப் போல அவ்வளவு மட்டமாக. இதைக் கவனிக்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் ஒருபோதும் கிளம்பாது; போகிற புகைக்கு வழியில்லாதபோது புதுக் கலவை உள்ளே வராது. ஒரு கம்பியால் குத்தி மண்ணை வெளியே உதிர்த்தேன். உள்ளே தள்ளியிருந்தால் அது வேறொரு வேலையாகியிருக்கும்.

பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே வைத்தேன். நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் உலர்ந்து ஒட்டியிருக்கும். காய்ந்த உலோகத்தின் மேல் உலோகத்தை உரசவிட்டால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். மறுநாள் காலை பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தபோது, இறுக்கமாக இருக்குமென்று எதிர்பார்த்த கைக்கு ஏமாற்றம். வாளி கட்டாத கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல் வந்தது. காற்றை அமுக்கும் அந்தத் தடுப்பு, மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்று சொல்வது, துளியும் இல்லை. கயிறு லேசாக வந்தால் வேலை சுலபம் என்று தோன்றும். இங்கே அதுதான் கெட்ட செய்தி.

பொன்னமராவதியிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி வால்வு மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எக்ஸாஸ்ட் வால்வு தொறந்தபடியே ஒட்டிக்கிருச்சுண்ணே" என்றார். மண்ணெண்ணெய்ப் புகையின் கரியும் பிசினும் வால்வுத் தண்டில் இறுகியதால், ஸ்பிரிங்கால் அதைத் திரும்ப இழுக்க முடியவில்லை. வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடும் இடம் விலகிக் கிடந்தது. டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மரச் சுத்தியால் தண்டின் நுனியைத் தட்டித் தட்டி அரை மணி நேரம் பொறுமையாக அசைத்தார். டக்கென்று வால்வு தன் இருக்கையில் போய் உட்கார்ந்த சத்தம் பட்டாலைக் கூடம் வரை கேட்டது. அடுத்த இழுப்பில் கயிறு கையைப் பிடித்து நிறுத்தியது.

ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அளவுகோலை எடுத்துப் பார்த்தபோது ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே இருந்தது. குறைந்திருந்தால்தானே கவலை என்று விட்டுவிடத் தோன்றும். அளவுகோலின் நுனியிலிருந்து ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டேன். நடுவில் கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றி விறுவிறுவென்று விரிந்த வெளிர் வளையமுமாக அது பரவியது, முகர்ந்தால் மண்ணெண்ணெய். நான் மூடாமல் விட்ட காக் வழியாக எண்ணெய் கார்புரேட்டரில் வழிந்து, சிலிண்டருக்குள் புகுந்து, வளையங்களைக் கடந்து கீழே ஆயிலோடு கலந்திருக்கிறது. அறுநூறு மில்லி இருக்க வேண்டிய இடத்திலிருந்து முக்கால் லிட்டருக்கு மேல் வடிந்தது. அந்த நீர்த்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் பேரிங்கும் கனெக்டிங் ராடும் சில நிமிடங்களில் தம் வேலையைக் காட்டியிருக்கும். புது ஆயில் ஊற்றியதோடு இந்தப் பகுதி முடிந்தது.

கார்புரேட்டரைப் பிரித்த பகல் முழுவதும் வளவில் கழிந்தது. நடுமுற்றத்து வெளிச்சத்துக்காக அங்கே உட்கார்ந்தேன். ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டு போனேன். கீழே இருக்கும் கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தியபோது எண்ணெய் வரவில்லை. உள்ளே பாதி காய்ந்த வெல்லப்பாகைப் போன்ற ஒரு வஸ்து அடியில் அப்பியிருந்தது. எண்ணெயில் எளிதில் ஆவியாகும் பகுதி நாளடைவில் போய்விடுகிறது. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிறது. பெட்ரோலாக இருந்து அதில் எத்தனாலும் கலந்திருந்தால் அது காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அலுமினியக் கலவையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பித்தளை ஜெட்டின் மேல் பச்சை படிந்திருந்தது. (உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்குக் காரைக்குடியில் 1948 இல் அடிக்கல் நாட்டினார்கள், அதற்கு முன்னூறு ஏக்கர் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அரை மணி நேரப் பயணத்தில் அப்படியொரு நிறுவனத்தை வைத்துக்கொண்டு நான் என் வீட்டுக்குள் இதை வளர்த்திருக்கிறேன்.)

ஆத்தா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "களிம்புல்ல ஏறியிருக்கு. தேய்க்காம வச்சா ஏறாம என்ன செய்யும்? புளி கரைச்சுத் தரவா?" என்று கேட்டது. சிரித்தேன், பிறகு யோசித்தால் அதில் நியாயம் இருந்தது. புளியின் அமிலம் பித்தளைக் களிம்பைக் கரைக்கும். ஜெட்டுகளை மட்டும் ஒரு கிண்ணம் புளிக்கரைசலில் கால் மணி நேரம் போட்டு எடுத்ததும் கல்யாண வீட்டுக் குடம்போல் மினுங்கின. கார்புரேட்டரின் உடம்பை அதில் போடக் கூடாது. அந்தக் கலவை உலோகத்தை அமிலம் தின்றுவிடும். அதற்குக் கடையில் விற்கும் கார்புரேட்டர் கிளீனர்தான்.

ஜெட் என்பது ஒரு சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் முடியளவு துளை. அந்தத் துளையின் அளவுதான் காற்றோடு எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் ஊசியையோ இரும்புக் கம்பியையோ விட்டுக் குடையக் கூடாது. துளை ஓர் இம்மி பெரிதானாலும் எஞ்சின் காலமெல்லாம் கறுப்புப் புகை கக்கும். பழைய ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையைப் பிரித்து அதை மட்டும் விட்டு எடுத்தேன். பிறகு ஜெட்டை இரண்டு விரல்களால் பிடித்து முற்றத்து வானத்தை நோக்கித் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது முறைதான் அந்தத் துளையில் வட்டமாக ஒரு பொட்டு வானம் தெரிந்தது.

மறதியாக நான் விட்டது பைலட் ஜெட்டை. பெரிய ஜெட்டைச் சுத்தம் செய்த பெருமையில், பக்கவாட்டில் பிளாஸ்டிக் திருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும் அந்தச் சிறியதைக் கழற்றவில்லை. அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

டாங்குகளுக்குள் ஒரு பிடி பழைய நட்டுகளையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கித் துரு நீங்கக் கழுவினேன். எண்ணெய்க் குழாய்களை முழுவதும் மாற்றினேன். பழையவை விறைத்துப் போயிருந்தன என்பது ஒரு காரணம். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோல் 2012 இல் கிடைத்த பெட்ரோல் இல்லை என்பது இன்னொரு காரணம். எத்தனால் கலப்பு 2022 இல் பத்து விழுக்காட்டை எட்டி, 2025 இல் இருபதாகிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதன்று.

எல்லாவற்றையும் பூட்டி இழுத்தபோது பிளக்கில் பொறி இல்லை. பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் சரியாக இருந்தது, பொறிக்கு மின்சாரம் தரும் காயில் என்ற சுருளும் நன்றாக இருந்தது. கடைசியில் காரணம் எலியிடமே போய் நின்றது. ஆயில் குறைந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக ஒரு சுவிட்ச் உண்டு. ஆயில் இறங்கியதும் அது பொறிக்கான மின்சாரத்தை எஞ்சின் உடம்போடு சேர்த்துக் கொன்றுவிடும். அந்த ஒயரின் மேல்தோலை எலி தின்றிருக்க, வெறும் செம்பு இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. நிறைய ஆயில் இருந்தும் இல்லையென்றே எஞ்சின் நம்பியது. இன்சுலேஷன் டேப் ஐந்து விரற்கடை செலவானது.

ஆறாவது இழுப்பில் கிளம்பியது. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிந்து வெள்ளைப் புகை கொல்லை முழுவதும் மூடிக் கலைந்தது. ஆனால் காற்று வரும் வழியைக் குறைக்கும் சோக்கைத் திறந்தால் சாகிறது. பாதி மூடினால் ஏறுவதும் இறங்குவதுமாக மூச்சு வாங்குகிறது. எண்ணெய் போதாமல் பசியோடு ஓடுவதன் அறிகுறி அது. மறுபடி அதே வேட்டியை விரித்து, மறுபடி கழற்றி, பைலட் ஜெட்டுக்கு மன்னிப்புக் கேட்டுச் சுத்தம் செய்தபின்தான் ஒரே சீராக ஓடியது.

வேலை முடிந்ததென்று எண்ணி நூறு வாட் குண்டு பல்பை மாட்டினேன். எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு வோல்ட். எஞ்சினையே நோயாளியாக நினைத்து இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அதன் மறுமுனையில் மின்சாரம் உண்டாக்கும் பாதி ஒன்று இருப்பதே அப்போதுதான் உறைத்தது.

உள்ளே நடப்பது இதுதான். சுழலும் ரோட்டார் ஒரு மின்காந்தம். அது சுற்றும்போது வெளியே நிலையாக இருக்கும் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்திலிருந்து ஒரு பங்கை, வோல்ட்டைச் சீராக வைக்கும் ஏவிஆர் என்ற பலகை எடுத்து, கார்பன் பிரஷ்கள் வழியாக ரோட்டாருக்கே திருப்பிக் கொடுத்து அதைக் காந்தமாக வைத்திருக்கிறது. விளைந்த நெல்லில் கொஞ்சத்தை விதைநெல்லாக எடுத்து வைப்பதைப் போல. அப்படியானால் முதல் விதை எங்கிருந்து வரும்? ரோட்டாரின் இரும்பில் முந்தைய ஓட்டத்திலிருந்து ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தத்திலிருந்து. ஏழு ஆண்டுகள் சும்மா கிடந்ததில் அந்த மிச்சம் தேய்ந்து, இரண்டு வோல்ட்டுக்கு மேல் எழுப்ப முடியாத அளவுக்குப் போயிருந்தது. போதாக்குறைக்கு, பிரஷ்கள் உரசும் செம்பு வளையங்களின் மேல் கறுத்த படலம். கிடைக்கிற கொஞ்சமும் உள்ளே போக வழியில்லை.

மெக்கானிக் தம்பி மறுபடி வந்தார். பின்மூடியைக் கழற்றி, பிரஷ்களை எடுத்து, வளையங்களை நைஸ் உப்புக் காகிதத்தால் பளபளவென்று துடைத்தார். அதற்கு முன் சுருளின் தடையை அளந்தபோது மீட்டர் அசையவே இல்லை. துடைத்தபின் ஐம்பது ஓம் சொச்சம் காட்டியது. சுருள் அறுபடவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது. பிறகு ஏவிஆரிலிருந்து பிரஷுக்கு வரும் இரண்டு ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, என் மோட்டார் சைக்கிளின் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கொண்டுவரச் சொன்னார். நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும், அந்த வரிசை மாறாமல், ஐந்தாறு விநாடி தொட்டு எடுத்தார். அவ்வளவுதான். ஒயர்களைப் பழையபடி மாட்டி எஞ்சினைக் கிளப்பியதும் மீட்டரின் எண் இரண்டிலிருந்து நாற்பதுக்கும், அங்கிருந்து கண் இமைப்பதற்குள் 231 க்கும் தாவியது. ஏவிஆரைப் பிடுங்காமல் பேட்டரியைத் தொட்டால் பலகை கருகிவிடும் என்று அவர் அழுத்திச் சொன்னார். இரண்டு கடைகளில் என்னிடம் புது ஏவிஆர் விலை சொல்லியிருந்தார்கள். அதை வாங்கிப் போட்டிருந்தாலும் காந்தம் வந்திருக்காது.

உடனே மோட்டாரை மாட்டவில்லை. முதலில் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சுமையாகக் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். இந்த வகையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். சுமையில்லாதபோது 52 காட்டியது, சுமை ஏறியதும் 50 க்கு இறங்கி நின்றது. 1.8 கேவிஏ என்றால் ஏறத்தாழ எட்டு ஆம்பியர்தான். அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது மூன்று நான்கு ஆம்பியரோடு அடங்கினாலும், கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும். அதனால் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் போட்டு, அது ஓடிப் பிடித்தபின் விளக்குகளைப் போட வேண்டும். எஞ்சின் ஒரு கணம் உறுமித் தாழ்ந்து நிமிர்ந்தது. மேல்தொட்டியில் தண்ணீர் விழுந்தது.

எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மழைக்கு ஒதுக்காக இருக்கும், வானமும் திறந்திருக்கிறது என்று வளவுத் தாழ்வாரத்தில் வைக்கச் சொன்னார் பெரியப்பச்சி. செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு அறிந்தவர்களுக்குத் தெரியும்: நாலு பக்கமும் அறைகள், எல்லாக் கதவுகளும் முற்றத்தை நோக்கி. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முற்றத்தில் சேர்ந்து அத்தனை அறைகளுக்குள்ளும் புகும். தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். கொல்லையின் கடைக்கோடியில், சைலன்ஸர் வீட்டுக்கு முதுகு காட்ட, தகரக் கூரை ஒன்று போட்டு வைத்தேன். இதில் மட்டும் நான் மூத்தவர் சொல்லைக் கேட்கவில்லை.

கஜாவின்போது நான் செய்த இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஓர் ஒயரைச் செய்து, சுவர்ப் பிளக்பாயிண்ட் வழியாகவே வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். மெயின் சுவிட்சை அணைக்க ஒருநாள் மறந்திருந்தால், அந்த 230 வோல்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, மறுபக்கத்துக் கம்பியில் 11,000 வோல்ட் வரை ஆகியிருக்கும். வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இரவு பகலாகக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அந்தக் கம்பியில்தான் இருந்தது. இந்த முறை எலக்ட்ரீஷியனை வைத்து, தெரு மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம் இரண்டில் ஒன்றிருந்தால் மற்றொன்று இருக்க முடியாத சேஞ்ச்ஓவர் சுவிட்சை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போட்ட பிறகே வீட்டோடு இணைத்தேன்.

படைப்பன்று மாலை ஒன்றேகால் மணி நேரம் மின்சாரம் இல்லை. இலை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

எல்லோரும் ஊருக்குப் போன மறுநாள் ஜெனரேட்டரை மூடி வைக்கும் வேலையைத் தொடங்கினேன். இனி பெட்ரோலில் மட்டும்தான் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டதால் மண்ணெண்ணெயிலிருந்து மாற்றிப் போடும் வேலை இல்லை. டாங்கை வடித்து, காக்-ஐ மூடி, எஞ்சின் தானாக அடங்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் எஞ்சிய சொட்டையும் போல்ட்டைத் தளர்த்தி வடித்தேன். சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றினேன். பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில். சைலன்ஸர் வாய்க்குச் சல்லடைத் துணி கட்டினேன், குளவிக்காக. கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்து, கை தடுப்பை உணர்ந்த இடத்தில் நிறுத்தினேன். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், ஈரக்காற்று உள்ளே போகாது, வால்வு திறந்தபடி ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, இஸ்திரிப் பெட்டிச் சுமையோடு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அது எஞ்சினுக்கு மட்டுமல்ல, ரோட்டாரின் காந்தத்துக்கும் சேர்த்து.

ஆத்தா சாமான் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து எனக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்தது. "என்னன்னு எழுதணும், சொல்லு தம்பி" என்றது. கதவுக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஒன்று, எண்ணெய் வடித்தது, கயிறு இறுக்கத்தில் நிற்கிறது என்று சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "சாவி?" என்று கேட்டது. சேஞ்ச்ஓவர் பெட்டியின் சாவியை எடுத்துக் கொடுத்தேன். குத்துவிளக்குகளுக்கு அடுத்த வரியில் அதையும் எழுதிக்கொண்டது.